இடது காதில் மட்டும் குடம் கேட்கவில்லை: கோளாறு இயர்போனிலா, காதிலா?

குடக்காரன், தக்கலை

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சிறியதுதான், அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கதை வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவன். மற்ற நாட்களில் நாகர்கோவிலில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்துவிட்டால் கடை முதலாளி என் முகத்தையே மறந்துவிடுவார். எங்கள் ஆசானின் பாட்டைப் பல வருடங்களுக்கு முன்னால் யார் யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அவற்றில் பதினான்கு என் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, போனில் போட்டுக்கொண்டு, தக்கலையிலிருந்து வடசேரி போகும் பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். பாட்டுக்காக அல்ல, குடத்துக்காக. ஆசானுக்குக் குடம் அடித்தவர் காலமாகிவிட்டார். குடத்தின் வாயில் அடிக்கும் மட்டையான பத்தியை எங்கே ஓங்கி அடித்தார், எங்கே தொட்டும் தொடாமலும் விட்டார் என்பதற்கு அந்த நாடாக்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

போன மாதம் பழைய இயர்போன் அறுந்துபோயிற்று. 2,400 ரூபாய் கொடுத்து, ஒயர் காதுக்கு மேலாகச் சுற்றி வரும் வகையில் ஒன்று வாங்கினேன். அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் 'பேஸ் (கனத்த கீழ்ச்சுருதி ஒலி) நெஞ்சில் இடிக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வலது காதில் இடிக்கத்தான் செய்கிறது. இடது காதிலோ குடம், காலி பிஸ்கட் டின்னைத் தட்டியதுபோல் 'டக் டக்' என்கிறது. அதோடு போனால் பரவாயில்லை. அதே காதில் ஜால்ரா ஊசியாகக் குத்துகிறது. கேசட் எல்லாம் ஒற்றைத் தடப் பதிவு. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வர வேண்டும்.

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் நின்ற பையன் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, உங்கள் காதைப் போய்ப் பாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் சொன்ன தோரணை பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் மனைவி மாட்டிப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது என்கிறாள். அக்காள் மகனும் அதையே சொல்கிறான்.

எனக்கு 34 வயது. பதினைந்து வருடமாக உடுக்கைக்கும் ஜால்ராவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் என் இடது தோளை ஒட்டி ஒலிபெருக்கி. இடது காது போய்விட்டதோ என்ற பயம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேஸ் பிரியன்

புதிய இயர்போனை 50 மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். சவ்வு இளகினால் பேஸ் தானாக வரும். அதுவரை ஈக்வலைசரில் பேஸை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

காதச்சு, நாகர்கோவில்

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். பெருஞ்சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 4,000 அதிர்வை, ஒட்டிய பகுதி. அப்படிக் கெட்டிருந்தால் ஜால்ரா மங்கியிருக்கும், 'ச'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் வீட்டில் சண்டை வந்திருக்கும். குடம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பதினைந்து வருடம் உட்கார்ந்ததற்காக ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் இந்தக் குடம் காணாமல் போனதற்குக் காரணம் அது இல்லை.

நான் 22 வருடமாகக் காது மிஷினுக்கு அச்சு எடுப்பவன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சை உள்ளே தள்ளி நிறுத்தி, இரண்டு பசைகளைப் பிசைந்து பீச்சுகுழலால் நிரப்பி, ஐந்து நிமிடம் கழித்து உருவி எடுக்கிற வேலை. வெளியே வருவது அந்த மனிதரின் காதுக்குழாய், உள்வெளியாக. என் மேசை இழுப்பறையில் பழைய அச்சுகள் நிறையக் கிடக்கின்றன. சிலது கொல்லாங்கொட்டைபோல் வளைந்திருக்கும், சிலது இஞ்சித் துண்டுபோல் முடிச்சோடு இருக்கும். ஒரே ஆளின் இடதையும் வலதையும் அருகருகே வைத்தால் பலருக்கு அண்ணன் தம்பி மாதிரி. சிலருக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரிகூட இருக்காது. வெளிக் காதைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்க முடியாது. பாம்படம் போட்டுக் காது தோள்வரை தொங்கிய ஒரு பாட்டிக்கு அச்சு எடுத்திருக்கிறேன். மடல் அவ்வளவு பெரிது. குழாயோ, குழந்தைகளுக்கு வைக்கும் பஞ்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

குழாயின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், அகலம் ஏழு மில்லிமீட்டர் அளவில். நேராகப் போவதில்லை, இரண்டு இடத்தில் வளைகிறது. வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மீதி எலும்பு. வாய் வட்டமும் அல்ல, முட்டை வடிவம். நம் இயர்போனின் ரப்பர் முனையோ வட்டக் குடை. முட்டை வடிவ வாய்க்கு வட்ட மூடி போட்டால் எங்கேயாவது ஓர் ஓரத்தில் சந்து விழும். அந்தச் சந்து வழியாகத்தான் உங்கள் குடம் வெளியே போகிறது.

எப்படி என்றால், சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் லேசாக மூடிக்கொண்டு தண்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காற்று விரலிடுக்கில் சீறி வெளியேறிவிடும், விரலில் அழுத்தமே தெரியாது. சடாரென்று ஒரு குத்துக் குத்தினால் விரலைத் தள்ளும். தப்பிப்பதற்குக் காற்றுக்கு நேரம் இருக்காது. குடத்தின் ஒலி மெதுவான தள்ளல், நொடிக்கு நூறு தடவை அளவில். ஜால்ராவின் ஒலி நொடிக்குப் பல ஆயிரம் குத்து. சந்து இருந்தால் முதலாவது வெளியேறிவிடும், இரண்டாவது செவிப்பறைவரை போய்ச் சேரும். இயர்போனின் சவ்வு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அடைபட்டுக் கிடக்கும் தேக்கரண்டியில் பாதிகூடத் தேறாத காற்றை அழுத்தித்தான் அது பேஸ் தர முடியும். அடைப்பு போனால் பேஸ் போயிற்று. நண்பர் சொல்வதுபோல் ஈக்வலைசரில் ஏற்றுவது ஓட்டைப் பானையில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவது. ஐம்பது மணி நேரம் ஓடவிடும் வைத்தியம் ஒரு பக்கத்துச் சவ்வை மட்டும் இளக்காமல் விட்டுவிடுமா? இயர்போன் குற்றவாளியாக இருந்தால் உங்கள் மனைவிக்கும் மருமகனுக்கும் இடது பக்கம் கேட்டிருக்காது. அதை வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

ஜால்ரா குத்துவதற்கும் அநேகமாக இதே இடத்தில்தான் காரணம் இருக்கிறது. திறந்த காதுக்குழாய் ஒரு பக்கம் மூடிய புல்லாங்குழல் மாதிரி. 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். இயர்போனைச் செருகியதும் அந்த வாயும் அடைபடுகிறது. குழலின் சுருதி மாறிவிடுகிறது. முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் நீளத்தைப் பொறுத்து 7,000, 8,000, 10,000 என்று எங்கேயாவது ஒரு மேடு எழும்பும். ஆழமாகச் செருகினால் மீதி நீளம் குறைந்து மேடு மேலே ஏறும். அங்கே ஜால்ராவின் பளபளப்பைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டால் மேடு கீழே இறங்கும். 'ச', 'ஸ', ஜால்ரா எல்லாம் சீறுகிற இடத்தில் வந்து உட்காரும். குடம் இல்லை, ஜால்ரா குத்துகிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். இடது முனை உள்ளே போகாமல் வாசலில் நிற்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். முதலில் காதில் எதுவும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று நீளமாக இழுங்கள். ஒலி மண்டையின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் குறும்பி அடைத்திருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், கோழி இறகு, ஊக்கு, பஞ்சுக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். (இந்த மாவட்டத்தில் கோழி இறகால் காது குடையும் சுகத்துக்கு அடிமையாகாத பெரியவர் ஒருவரையாவது பார்க்க ஆசை.) நடுவில் இருந்தால், இரண்டு பக்கமும் இயர்போனை மாட்டி, பாட்டுப் போடாமல் மறுபடியும் 'ம்ம்' சொல்லுங்கள். அடைப்பு நன்றாக இருக்கும் காதில் சொந்தக் குரல் பானைக்குள் பேசியதுபோல் கனத்து ஒலிக்கும். குரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அடைப்பு சரி, மற்றது ஒழுகுகிறது. கடைசியாக, கேசட்டை ஓடவிட்டு இடது இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். குடம் திரும்பி வந்தால் மேற்கொண்டு விசாரணை தேவையில்லை.

செருகும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதின் மேல் மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழாய் நேராகும். தோப்புக்கரணத்துக்குப் பிடிப்பது கீழ் மடல், இதற்கு மேல் மடல். பள்ளிக்கூட நினைவில் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். இழுத்தபடியே இடது கையால் செருகி, பிறகு காதை விடுங்கள். குழாய் பழைய வளைவுக்குத் திரும்பி முனையைக் கவ்விக்கொள்ளும்.

பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் இருந்திருக்குமே? அவற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா?

ரப்பர் பால், குலசேகரம்

நான் விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவன். ஒரு காதில் மட்டும் இயர்போன். மற்ற காது பன்றிக்கும் பாம்புக்கும் திறந்திருக்க வேண்டும். எனக்கு இந்தத் தொல்லை இரண்டு வருடம் இருந்தது. ரப்பர் முனை வியர்வையில் வழுக்கி வழுக்கி வெளியே வரும், பேஸ் போகும். ஃபோம் முனை வாங்கிய பிறகுதான் நின்றது. விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் குளிரில் கல்லாகக் கிடக்கும்; உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால்தான் மடங்கும். ஜால்ரா, வீணைக் கம்பி எல்லாம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் பிய்ந்துவிடும், அதுதான் செலவு.

அதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பிடிமானத்துக்காக ரப்பர் முனையைச் சிரட்டையில் இருந்த பாலில் முக்கிக் காயவைத்துப் போட்டேன். பேஸ் என்னவோ அருமையாக வந்தது. மூன்றாம் நாள் காது சிவந்து அரிப்பெடுத்துவிட்டது.

காதச்சு, நாகர்கோவில்

ரப்பர் பால் தம்பிக்கு: நல்ல வேளையாக அரிப்போடு நின்றது. மரத்துப் பால் சிலருக்கு ஒவ்வாது. தினமும் கையில் படுகிறவர்களுக்கே திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. காதுக்குழாயின் உள்பக்கத் தோல் மிக மெல்லியது, எலும்பின்மேல் காகிதம்போல் ஒட்டியிருப்பது. சிலிக்கான் அல்லது ஃபோம், இரண்டைத் தவிர வேறு எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். முனையை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபோமுக்குச் சோப்பு வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

குடக்காரன், தக்கலை

அண்ணாச்சி, கோடி நன்றி. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். வெறுங்காதில் 'ம்ம்' நடுவில்தான் இருக்கிறது. பாதி உயிர் திரும்பி வந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு சொன்னால் அப்படியே வலது பக்கம் சாய்கிறது. இடதை விரலால் அழுத்தினேன். 'தொம்' என்று குடம் வந்து விழுந்ததில் நானே திடுக்கிட்டுவிட்டேன். விரலை எடுத்தால் மறுபடி பிஸ்கட் டின்.

பெட்டியில் வந்த முனைகளைத் தொடவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய நடுத்தர அளவுதான் இரண்டு பக்கமும் இருந்தது. இடதுக்குப் பெரியதைப் போட்டு, மேல் மடலை இழுத்துச் செருகினேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு காதும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. பஸ்ஸில் ஏறியதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வில்லுக்குறி தாண்டும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு கடிக்கும் குடம் போய்ப் போய் வருகிறது! அதைவிட வேடிக்கை, ஆசான் ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் 'ஆமாம்' என்று ஏந்துவார்கள் அல்லவா, பழக்க தோஷத்தில் நானும் வாய்க்குள்ளே 'ஆமாம்' சொல்லிவிடுகிறேன். சொன்ன மாத்திரத்தில் இடது பக்கம் பேஸ் காலி. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மனைவி முன்பக்கமிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். வலது இயர்போன் காதுக் குழிக்குள் அமிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. இடது, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு தள்ளினாலும் அதற்குமேல் போகவில்லை. முனை இன்னும் பெரிதாக வேண்டுமா?

காதச்சு, நாகர்கோவில்

உங்கள் மனைவி எடுத்த படம் நான் எழுதிய அத்தனையையும்விட உபயோகமானது. முனை இன்னும் பெரிதாக வேண்டாம். உங்களுக்கு இடது காதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

குழாய் வாசலுக்கு வெளியே கிண்ணம்போல் ஒரு குழி இருக்கிறதே, இயர்போனின் உடல் உட்காருவது அதில்தான். உங்கள் இடது கிண்ணம் சிறியதாகவோ, முன்னால் இருக்கும் சிறு குருத்து உள்பக்கம் மடிந்ததாகவோ இருக்க வேண்டும். உடல் அங்கே தட்டி நின்றுவிடுகிறது. அதனால் இயர்போனின் மூக்கு, அதாவது முனை மாட்டும் குழல், உள்ளே எட்டவில்லை. பெரிய முனையைப் போட்டால் வாசலை இன்னும் இறுக்கமாக அடைக்கலாம், மூக்கு நீளாது. வலி வேறு வரும்.

சிப்ஸும் 'ஆமாம்'மும் இன்னொரு விஷயம். தாடையின் மூட்டு காதுக்குழாயின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. சுண்டுவிரலைக் காதில் லேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், சுவர் நகர்வது விரலுக்குத் தெரியும். வாய் திறக்கும்போது மூட்டின் உருண்டை முன்னால் போகிறது, குழாயின் குருத்தெலும்புப் பகுதி விரிகிறது, முனையின் ஓரத்தில் சந்து. எனக்கு இது தொழில் ஆரம்பித்த புதிதில் தெரியாது. வாயை மூடச் சொல்லி அச்சு எடுத்தேன். ஒரு வாத்தியாருக்குச் செய்து கொடுத்த காது மிஷின் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக இருந்தது. பாடம் நடத்த ஆரம்பித்ததும் கீச்சென்று விசில் அடித்தது. வகுப்பே சிரித்துவிட்டதாம். அதன்பிறகு பேசிப் பிழைக்கிறவர்கள், பாடுகிறவர்கள் யார் வந்தாலும் பல்லிடுக்கில் ஒரு கட்டையைக் கொடுத்து, வாயைத் திறந்து வைத்தே அச்சு எடுக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது நீளமான, மென்மையான முனை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குடை வைத்தது கிடைக்கும். முன்குடை சிறியது, முதல் வளைவுவரை போய்ப் பிடித்துக்கொள்ளும். தாடை ஆடும்போது ஒன்று விட்டாலும் மற்றது அடைத்துக்கொண்டிருக்கும். அது பிடிக்காவிட்டால் ஃபோம். சுவர் நகரும்போது கூடவே விரிந்து கொடுக்கும். வலதுக்கு நடுத்தரமே இருக்கட்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அடைப்பு இல்லாதபோது பஸ் இன்ஜினின் உறுமல் உள்ளே வருகிறது, குடம் வெளியே போகிறது. உறுமலும் குடமும் ஏறக்குறைய ஒரே சுருதி; ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அதனால் நீங்கள் இத்தனை நாள் ஒலியைக் கூட்டி வைத்தே கேட்டிருப்பீர்கள். அடைப்பு சரியான அன்றைக்கே அதைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். கொடை மேடைக் கணக்கை அதோடு சேர்த்தால் உங்கள் பாத்திரம் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும்.

வரைபடப் பிரியர், மார்த்தாண்டம்

காதச்சு அண்ணாச்சி சொன்ன மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இயர்போன் விமர்சனங்களில் போடுகிறார்களே, எந்தச் சுருதி எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்று காட்ட வளைந்து வளைந்து போகும் கோடு, அது மனிதக் காதில் அளந்தது அல்ல. உலோகத்தில் கடைந்த செயற்கைக் காது. '711' என்று அதைச் சொல்வார்கள். 1981-இல் வந்த சர்வதேசத் தரநிலையின் எண் அது, இப்போது 60318-4 என்று மாறிவிட்டது. அளப்பவர்கள் பெரும்பாலும் மேடு 8,000 ஹெர்ட்ஸில் வரும் ஆழத்துக்கு இயர்போனைச் செருகிவிட்டுத்தான் கோடு போடுகிறார்கள். அந்த உலோகக் காது ஒழுகாது, சிப்ஸ் தின்னாது, 'ஆமாம்' சொல்லாது. கோட்டின் இடது ஓரத்தில் பேஸ் நேராக நிற்பதைப் பார்த்து வாங்குகிறோம்; நம் காதில் அது நிற்குமா என்பது வேறு கதை. அந்தக் கோட்டை நம்பி நான் அடுத்தடுத்து மூன்று இயர்போன் வாங்கினேன். எல்லாவற்றிலும் பேஸ் குறைவு என்று திட்டி விற்றுவிட்டேன். நான்காவதோடு வந்த முனைகள் தற்செயலாக என் காதுக்குப் பொருந்தின.

ஆழமாகச் செருகுவது புதிதல்ல. மீட் கில்லியன் என்ற அமெரிக்கர் தொடங்கிய எடிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த இஆர்-4 என்ற இயர்போன் மூன்று குடை முனையோடு எலும்புப் பகுதியை நெருங்கும் அளவுக்கு உள்ளே போகும். முதல்முறை போடும்போது மூளையைத் தொட்டுவிடுமோ என்றிருக்கும். ஆனால் அத்தனை ஆழத்தில் சொந்தக் குரல் பானைக்குள் ஒலிப்பது குறைந்துவிடுகிறது. குரலில் அதிர்வது குருத்தெலும்புச் சுவர். எலும்புச் சுவர் அவ்வளவாக அதிர்வதில்லை.

குடக்காரர் முனை வாங்கும்போது துளையின் அகலத்தையும் கவனிக்கட்டும். அதே இயர்போனில் குறுகிய துளை முனை ஜால்ராவைக் கொஞ்சம் மழுக்கும், அகலத் துளை அதைத் திறந்துவிடும்.

பேஸ் பிரியன்

50 மணி நேரம் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அண்ணாச்சி சொன்னபடி 'ம்ம்' சொல்லிப் பார்த்தேன். எனக்கு வலது ஒழுகுகிறது.

குடக்காரன், தக்கலை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரட்டைக் குடை முனை 180 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது. இடதுக்கு அது, வலதுக்குப் பழைய நடுத்தரம். முதல் இரண்டு நாள் காதுக்குள் யாரோ விரல் வைத்திருப்பதுபோல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. சிப்ஸ் தின்றால் இன்னும் கொஞ்சம் அசைகிறது, ஓடிப்போவதில்லை. போனில் ஒலியை முன்பு வைத்ததில் பாதிக்கு இறக்கிவிட்டேன். ஜால்ரா இப்போது குத்தவில்லை, ஜால்ராவாக இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இடது பக்கம் ஜால்ராவின் கூச்சல் அடங்கியதால், இதுவரை அதன் அடியில் அமுங்கிக் கிடந்த ஒன்று நேற்று பார்வதிபுரம் பக்கம் பஸ் நின்றபோது கேட்டது. ஆறாவது கேசட்டில், ஆசான் மூச்சு வாங்கும் இடத்தில், குடம் நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நிற்கவில்லை. அவர் பத்தியைக் குடத்தின் வாயில் வைத்து அழுத்திப் பிடிக்கிறார். அடியே கேட்பதில்லை, மூடிய வாய்க்குள் 'ம்' என்று சொன்னதுபோல் ஓர் அடைபட்ட ஒலி, அவ்வளவுதான். நாலு முறை திரும்பப் போட்டுக் கேட்டேன். நாலு முறையும் இருக்கிறது. பதினைந்து வருடமாக நான் அந்த இடத்தில் திறந்த அடி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடை முதலாளியிடம் நாளைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியாயிற்று. குடத்தை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.